உரிமத் தேர்வும் உருப்போடுதலும்

பழகுநர் உரிமத் தேர்வில் தோற்றவரிடம் 'படித்துவிட்டு வாரும்' என்கிறோம். எதை? கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரவுப்பணி முடித்து வருபவர் கையில் இருப்பது விடைகளை மட்டும் உருப்போடச் சொல்லும் மலிவுப் பதிப்பு.

1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 11ஆம் விதி கோருவது சாலைக்குறிகள், விபத்து நேர்ந்தால் ஓட்டுநரின் கடமை, ஆளில்லா ரயில் கடவையில் காட்டவேண்டிய எச்சரிக்கை முதலியவை குறித்த அறிவை. 60 விழுக்காடு விடை சரியாக இருந்தால் போதும்.

லாரி ஓட்ட எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்ற நிபந்தனையை 2019இல் மத்திய அரசே நீக்கிவிட்டது. வரவேற்போம். ஆயினும் நொடிகளை எண்ணும் கணினித் திரை வாசலிலேயே நிற்கிறது. அதன் தமிழோ அரசாணைத் தமிழ் (அதை எழுதியவர்களுக்கே விளங்குமா என்பது வேறு விஷயம்). ஜி.என்.டி. சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கிடையே நாள்தோறும் சைக்கிள் மிதிப்பவரின் சாலையறிவை அது அளப்பதில்லை, வாசிப்பு வேகத்தையே அளக்கிறது.

தேர்வே வேண்டாம் என்று நாம் வாதிடவில்லை. குறியின் படத்தைக் காட்டி, வாய்மொழியாகப் பதில் கேட்பதில் அதிகாரிகளுக்கு என்ன நட்டம்?