கையும் ஏடும்: விமானப் பராமரிப்புப் பயிற்சி பற்றியதொரு மறுப்புரை

விமானப் பராமரிப்புப் பொறியியலாளராவதற்கு ஐரோப்பாவில் இரு வழிகள் உள. ஒன்று, அங்கீகாரம் பெற்ற நிலையமொன்றில் முழுநேரமாகப் பயிலும் ஒருங்கிணைந்த கற்கைநெறி. மற்றையது, பாட அலகுகளைத் தாமே கற்று, பரீட்சைகளை ஒவ்வொன்றாக எழுதி, தொழிலிடத்தில் அனுபவம் ஈட்டும் வழி. ஈற்றில் இரு சாராரும் பெறுவது ஒரே அனுமதிப்பத்திரம். ஆதலின் இரண்டும் சமமானவை என்றும், பின்னையதே மலிவானது, விரைவானது என்றும் வாதிடுவோர் உளர். இவ்வாதம் போலியானது.

முதலில் விரைவை நோக்குவோம். ஐரோப்பிய விதிகளின்படி, டர்பைன் இயந்திர விமானங்களுக்குரிய 'பி1.1' வகுப்பின் கற்கைநெறி 2400 மணித்தியாலங்கள் கொண்டது. அதனை முடித்தவருக்கு இரண்டாண்டு அனுபவம் போதும். முன்னர் எத்தகைய தொழிற்பயிற்சியும் பெறாது பரீட்சை மட்டும் எழுதியவருக்கோ ஐந்தாண்டு வேண்டும். விரைவு என்பது விளம்பரத்தின் மொழியேயன்றி விதியின் மொழியன்று. சமம் என்ற கூற்றும் இங்கேயே தகர்ந்துவிடுகிறது.

அடுத்து, பரீட்சை. மூன்று விடைகளுள் ஒன்றைத் தெரிவு செய்யவேண்டும். சித்தியடைய 75 வீதம் போதும். பழைய வினாக்களை மனனஞ் செய்தே இதனைக் கடந்துவிடலாம் என்பதை, பரீட்சைகளிலே வாழும் பல்கலைக்கழக மாணவருக்கு எடுத்துரைக்கத் தேவையில்லை. கற்கைநெறியிலோ கோட்பாட்டுக்குரியது 50 முதல் 60 வீதமே. எஞ்சிய நேரம் பட்டறைக்கு உரியது. அங்கே ஏட்டிற் கற்றதைக் கை செய்துபார்க்கிறது. கை செய்த பிழையை ஆசிரியர் உடனே காண்கிறார்.

அக்குறையைத் தொழில் அனுபவம் நிரப்பும் என்பர். 1990 ஜூன் 10ஆந் திகதி, பேர்மிங்ஹாமிலிருந்து மலாகா நோக்கிப் பறந்த விமானத்தின் முன்கண்ணாடி வானிலே பெயர்ந்தது. தலைமை விமானி பாதியுடல் வெளியே இழுக்கப்பட்டும், சகாக்கள் பற்றிக்கொண்டமையால் உயிர் தப்பினார். அதற்கு 27 மணித்தியாலங்களுக்கு முன்னர் பூட்டப்பட்ட 90 திருகாணிகளுள் 84 விட்டத்திற் சிறியவை. பூட்டியவர் அனுபவமற்றவரல்லர், நீண்டகாலம் பணியாற்றிய, அனுமதிப்பத்திரம் பெற்ற ஒருவர். உதிரிப்பாகப் பட்டியலை நம்பாது, பழைய திருகாணியோடு கண்ணால் ஒப்பிட்டே புதியதைத் தெரிந்தெடுத்தார். 1979இல் சிக்காகோவில் 273 பேரைப் பலிகொண்ட விபத்துக்கும் பராமரிப்பு முறையே காரணம். வேலை நேரத்தை மிச்சப்படுத்துவதற்காக, இயந்திரத்தையும் அதன் தாங்கியையும் ஒருசேரப் பளுதூக்கியாற் கழற்றிப் பூட்டியமையால் தாங்கியின் இணைப்புப் பகுதி வெடிப்புற்றது.

இவை கற்கைநெறி எல்லாப் பிழைகளையும் தடுக்கும் என நிறுவவில்லை. வழிகாட்டலற்ற அனுபவம் அறிவை மட்டுமன்றித் தவறான பழக்கத்தையும் வளர்க்கும் என்பதையே உணர்த்துகின்றன.

கட்டணஞ் செலுத்த இயலாத தொழிலாளியின் பிள்ளைக்கு வேறு வழி ஏது என்ற கேள்வி எஞ்சுகிறது. நியாயமான கேள்விதான். ஆனால், வறியவருக்குக் குறைந்த கல்வியை விதித்துவிட்டு, அதற்குச் சமத்துவம் எனப் பெயர் சூட்டுவது அதற்கு விடையாகாது. விமானத்திற் பறப்போர் அனைவரதும் உயிர் அப்பயிற்சியிலே தங்கியிருக்கிறது. எனவே அதன் செலவை அரசும் விமானக் கம்பனிகளும் ஏற்று, ஊதியத்துடன் கூடிய ஒருங்கிணைந்த பயிற்சியை எல்லோர்க்கும் உரியதாக்க வேண்டும். கல்வியை மலிவாக்குவது வேறு. மலிவான கல்வி வேறு.