ரெண்டு மாசத்துக்கு வீடு வேணுமா? லாட்ஜுக்குப் போங்க!

2024 ஜூலையில் பார்சிலோனா நகரத்து மக்கள் ஒரு காரியம் செய்தார்கள். தெருவோர ஓட்டலில் ஹாயாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த டூரிஸ்ட்டுகள் மேல் பொம்மைத் துப்பாக்கியால் தண்ணீர் பீய்ச்சி அடித்தார்கள். கோபத்துக்குக் காரணம் வாடகை. பத்து வருடத்தில் 68 சதவிகிதம் ஏறியிருந்தது. ஊர்க்காரனுக்கு வருஷ வாடகைக்கு விடுவதைவிட, வெளியூர்க்காரனுக்கு மூன்று நாள், நான்கு நாள் என்று விட்டால் நாலு காசு அதிகம் என்று ஓனர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். அதற்கு இரண்டு வாரம் முன்புதான் அந்த ஊர் மேயர் ஜாமா குல்போனி, நகரத்தில் டூரிஸ்ட்டுக்கு என்று லைசென்ஸ் வாங்கிய 10,101 ஃப்ளாட்டுகளின் உரிமத்தையும் 2028 நவம்பருக்குள் முடித்துக்கொள்வோம் என்று அறிவித்திருந்தார். பாரீஸில் சொந்த வீட்டை வருஷத்துக்கு 120 நாள் டூரிஸ்ட்டுக்கு விடலாம் என்று இருந்ததை 2025-லிருந்து 90 நாளாகக் குறைத்துவிட்டார்கள். ஆம்ஸ்டர்டாமில் 2019-லேயே அது 30 இரவு.

அதாவது, அங்கே குறுகிய கால வீடு கிடைப்பது ரொம்ப சுலபமாகிப் போனதால் பிரச்னை. நம்ம கதை நேர் எதிர்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் ரெண்டு மாசத்துக்கு ஒரு வீடு தேடிப் பாருங்கள். சும்மா ஒரு பரீட்சையாகத்தான். கையில் பணம், நிரந்தர வேலை, ஆதார் கார்டு, சுத்தமான பேர் எல்லாம் இருக்கட்டும். கிடைக்காது சார்.

என் சித்தப்பா மகன் தேடினான். சிங்கப்பூரில் வேலை. சித்திக்கு ரெண்டு முட்டியிலும் ஆபரேஷன். அவர்கள் வீடு திருமுல்லைவாயலில் இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. டிஸ்சார்ஜ் ஆனதும் ஆறேழு வாரம் படி ஏறக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவ்வளவுதான் தேவை, தரைத் தளத்தில் ஒரு வீடு, ரெண்டே மாசம். இதே பையன் அதற்கு முந்தைய வருஷம் பெண்டாட்டி பிள்ளைகளோடு பார்சிலோனா போனபோது, ஆபீஸ் லஞ்ச் டயத்தில் செல்போனைத் தட்டி ஆறு நாளைக்கு ஃப்ளாட் பிடித்தவன். ஸ்பானிஷ் மொழியில் ஒரு வார்த்தை தெரியாது. ஓனர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

திருமுல்லைவாயலில் பிறந்து, அம்பத்தூரில் படித்து, தமிழ் பேசுகிறவனுக்கு மூன்று வாரம் அலைந்தும் வீடு அமையவில்லை. நானும் கூடப் போனேன். முதல் புரோக்கர் சிரித்தார். "ரெண்டு மாசமா? கமிஷனே ஒரு மாச வாடகை சார். அதுக்கு எந்த ஓனர் ஒத்துக்குவாரு? நீங்க லாட்ஜ் பாருங்க." பாடியில் ஒரு அம்மா, "ஆபரேஷன் ஆனவங்களா... ஏதாவது ஆயிடுச்சுன்னா அப்புறம் வீட்டை யாரு தம்பி எடுப்பா?" என்று என் காதுபடவே கேட்டார். கொரட்டூரில் ஒருவர், "பூர்வீகம் எது?" என்று ஆரம்பித்து, நான்கு கேள்வியில் குலதெய்வம் வரைக்கும் போய்விட்டார். எதற்குக் கேட்கிறார் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆவடி ஓனர் ஒருவர்தான் நியாயமாகப் பேசினார். "வாடகை பதினாறாயிரம். பதினோரு மாசத்துக்கும் மொத்தமா ஒரு லட்சத்து எழுபத்தாறாயிரம் கொடுத்துடுங்க. எப்ப வேணா காலி பண்ணிக்கோங்க!"

கடைசியில் ஓட்டல் ரூம். நாளைக்கு 2,600 ரூபாய், 53 நாள். பெருக்கிப் பாருங்கள், 1,37,800. வரி தனி, சாப்பாடு தனி. வீடாக இருந்தால் ரெண்டு மாசத்துக்கு 32,000-த்தில் முடிந்திருக்கும். ஒரு கஞ்சி வைக்க அடுப்பு இல்லாமல், கட்டில் உயரம் சரியில்லாமல், சித்தி அந்த ரூமிலேயே வாக்கரைப் பிடித்து நடந்து பழகினாள். கையில் காசு இருந்தது, தாங்கினார்கள். இல்லாதவர்கள்? பெரிய ஆஸ்பத்திரிகளின் வாசலைப் பாருங்கள். வெளி மாநிலத்திலிருந்தும் வெளி மாவட்டத்திலிருந்தும் வந்து, வாரக்கணக்கில் கீமோவுக்கும் டயாலிசிஸுக்கும் காத்திருக்கிறவர்கள் பாயை விரித்து எங்கே படுக்கிறார்கள் என்று பாருங்கள்.

ஏன் இப்படி? 'நம்ம ஆட்களுக்கு நம்பிக்கை இல்லை, பயம்' என்று பொதுவாகச் சொல்லிவிடுவார்கள். நான் பி.காம். படித்தவன். எனக்கு இதில் தெரிவது பயம் இல்லை, கணக்கு.

சென்னை ஓனர்கள் வழக்கமாக வாங்குகிற அட்வான்ஸ் பத்து மாத வாடகை. 16,000 வாடகை என்றால் 1,60,000. அக்கவுன்டன்ஸி முதல் வருஷப் பையனைக் கேட்டால்கூடச் சொல்லுவான், அட்வான்ஸ் என்பது வருமானம் இல்லை, திருப்பித் தர வேண்டிய கடன். நடைமுறையில் எத்தனை ஓனர் அதைத் தொடாமல் பேங்க்கில் வைத்திருக்கிறார்? மகள் கல்யாணத்துக்கோ மேல் மாடி கட்டவோ போயிருக்கும். பழைய குடித்தனக்காரர் காலி செய்யும்போது எதிலிருந்து திருப்பித் தருகிறார்? புதுக் குடித்தனக்காரர் தருகிற அட்வான்ஸிலிருந்து! "ஆளு வரட்டும் சார், செட்டில் பண்ணிடறேன்" என்ற வசனத்தை, வாடகை வீட்டில் இருந்த அத்தனை பேரும் கேட்டிருப்பீர்கள். சீட்டு கம்பெனி செய்தால் அதற்கு வேறு பேர். வீட்டு ஓனர் செய்தால் ஊர் வழக்கம்.

இந்தச் சங்கிலி அறுபடாமல் இருக்க, வருகிறவர் பெரிய தொகை தர வேண்டும், சீக்கிரம் போகக் கூடாது. ரெண்டு மாசக்காரர் ரெண்டுக்கும் லாயக்கில்லை. அதனால்தான் அவரைக் கண்டால் கதவு சாத்துகிறார்கள். ஊர், ஜாதி, மட்டன் குழம்பு எல்லாம் அப்புறம்தான்.

வட்டியையும் பார்த்துவிடுவோம். 1,60,000-க்கு 7 சதவிகிதம் என்றால் வருஷத்துக்கு 11,200. மாதம் 933 ரூபாய், ரசீது இல்லாத கூடுதல் வாடகை. இதில் காலி செய்யும்போது 'பெயின்ட்டிங் சார்ஜ்' என்று ஒரு மாச வாடகையைப் பிடித்துக்கொள்வது தனி அத்தியாயம். ரெண்டு மாசம் இருந்தவனிடமும் பிடிப்பார்கள், சுவரில் ஆணி அடித்திருந்தாலும் அடிக்காவிட்டாலும்.

சட்டம் இல்லையா? இருக்கிறது, வண்டி வண்டியாக. 1960-ல் வந்த பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், ஒரு மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்று சொன்னது. அந்தச் சட்டம் அமலில் இருந்த காலம் முழுக்கத்தான் இந்தப் பத்து மாதப் பழக்கம் வேர் விட்டு வளர்ந்தது. பிறகு 2017-ல் புதுச் சட்டம் போட்டார்கள், 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது, காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும். கேட்க எவ்வளவு இனிமை!

ஆனால், அட்வான்ஸ் பற்றிய அந்தப் பிரிவு எப்படி ஆரம்பிக்கிறது தெரியுமா? 'வேறு விதமாக ஒப்பந்தம் இருந்தாலொழிய' என்று. தலைவாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்து வைத்த மாதிரி. பத்து மாசம் என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால் 'வேறு விதமாக ஒப்பந்தம்' ஆகிவிட்டது. கையெழுத்துப் போடாமல் இருக்க எந்தக் குடித்தனக்காரருக்கு தைரியம்? பின்னால் நாலு பேர் நிற்கிறார்களே!

குறுகிய கால வாடகை நம்ம பக்கத்தில் அறவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. ஏழைகளுக்கு இருக்கிறது. அம்பத்தூர் எஸ்டேட் 1960-களில் உருவானது. அதைச் சுற்றிப் பட்டரவாக்கம், அத்திப்பட்டு சந்துகளுக்குள் போய்ப் பாருங்கள். பீகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வந்த பையன்கள், பத்துக்குப் பத்து ரூமில் ஆறு பேர், எட்டு பேர். வாடகை ரூமுக்கு இல்லை, தலைக்கு. ஒரு குடும்பம் வந்தால் நாலாயிரத்துக்குப் போகிற ரூம், ஆறு தலைக்கு ஆளுக்கு 1,500 என்றால் ஒன்பதாயிரம். இங்கே மட்டும் ஓனருக்கு எந்த பயமும் இல்லை. அக்ரிமென்ட் வேண்டாம், பூர்வீகம் வேண்டாம், எப்போது வந்தாலும் போனாலும் சரி.

இதன் விளைவையும் பார்த்துவிட்டோம். 2021 டிசம்பரில் பூந்தமல்லி பக்கத்து ஹாஸ்டல் ஒன்றில், செல்போன் தொழிற்சாலையில் வேலை பார்த்த பெண்கள் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சாப்பாட்டால் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். சக பெண்கள் பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறியல் செய்த பிறகுதான், அந்தப் பிள்ளைகள் எப்படித் தங்க வைக்கப்பட்டிருக்கிறார்கள் என்றே நாட்டுக்குத் தெரிந்தது. அப்புறம் அரசாங்கம் விழித்துக்கொண்டு, ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 18,720 படுக்கைகளோடு விடுதி கட்டி 2024 ஆகஸ்ட்டில் திறந்தது. நல்ல காரியம், பாராட்டுகிறேன். ஆனால், அது கம்பெனி ஆட்களுக்கு. சித்தி மாதிரி ஆட்களுக்கு எதுவும் இல்லை.

வரியும் அதே பக்கம்தான் சாய்கிறது. மாதம் ஆளுக்கு 20,000 ரூபாய் வரை கட்டணம் வாங்குகிற விடுதிகளுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்று 2024-ல் சலுகை தந்தார்கள். ஒரே நிபந்தனை, தொடர்ந்து 90 நாளாவது தங்க வேண்டும். மூன்று மாசம் டிரெய்னிங் வந்தவனுக்கு வரி இல்லை, ரெண்டு மாசம் சிகிச்சைக்கு வந்தவனுக்கு வரி. இந்த 90 என்ற எண்ணை எந்த அதிகாரி எந்த டீ குடிக்கும்போது யோசித்தாரோ!

ஓனர்கள் தரப்பையும் கேட்போம், அதுதானே தர்மம். "காலி பண்ணலைன்னா?" என்கிறார்கள். பழைய சட்டத்தில் வாடகை வழக்கு வருஷக்கணக்கில் இழுத்ததால் வந்த பயம் இது, நான் மறுக்கவில்லை. ஆனால், தேதி போட்டு, எழுதி, பதிவு செய்த ஒப்பந்தம்தான் அதற்கு மருந்து. அதைச் செய்யாமல் தவிர்ப்பது பெரும்பாலும் ஓனர்களேதான், வாடகை வருமானம் கணக்கில் ஏறிவிடுமே என்று. "போலீஸ் பிரச்னை வருமே?" என்கிறார்கள். 2012-ல் வேளச்சேரி வாடகை வீட்டில் வங்கிக் கொள்ளைச் சந்தேக நபர்கள் ஐந்து பேர் சுட்டுக் கொல்லப்பட்டதற்குப் பிறகு, குடித்தனக்காரர் விவரத்தை ஸ்டேஷனில் கொடுக்கச் சொன்னார்கள். கொடுங்கள். வெளிநாட்டு பாஸ்போர்ட்காரர் என்றால் 24 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும். தாருங்கள். பதினோரு மாசக்காரன் யோக்கியன், ரெண்டு மாசக்காரன் திருடன் என்று எந்த ஸ்டேஷனில் எழுதி வைத்திருக்கிறார்கள்?

அசோசியேஷன் செக்ரட்டரிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரிடையர் ஆன பிறகு ஒரு லெட்டர் பேடும் ரப்பர் ஸ்டாம்ப்பும் கிடைத்துவிட்டால் சிலருக்கு ஐகோர்ட் நீதிபதி என்ற நினைப்பு வந்துவிடுகிறது. 'ஆறு மாசத்துக்குக் குறைந்து வாடகைக்கு விடக் கூடாது', 'பேச்சிலர் கூடாது', 'லிஃப்ட்டில் நோயாளி வாக்கர் கொண்டுபோகக் கூடாது'. கடைசியாகச் சொன்னதை நோட்டீஸ் போர்டில் என் கண்ணால் பார்த்தேன்.

அதற்காக பார்சிலோனா மாதிரி எல்லாவற்றையும் திறந்து விடுங்கள் என்று சொல்கிறேனா? மாட்டேன். ஈ.சி.ஆர். பக்கம் வார விடுமுறைக்கு வீடு விடுகிற வியாபாரம் ஆவடிக்கும் வந்து, அபார்ட்மென்ட்டில் பாதி ஃப்ளாட் தினசரி வாடகைக்குப் போனால், இங்கே குடியிருக்கிற தொழிலாளி திருவள்ளூரைத் தாண்டிப் போக வேண்டியதுதான். நான் கேட்பது டூரிஸ்ட்டுக்கு இல்லை. ஒரு மாசத்திலிருந்து ஆறு மாசம் வரை, காரணம் சொல்லி வீடு கேட்கிறவருக்கு. சிகிச்சை, பிரசவம், பரீட்சை, டிரெய்னிங், சொந்த வீட்டை இடித்துக் கட்டுகிறவர்கள். இவர்களுக்கு ஒரு மாத வாடகைதான் அட்வான்ஸ், பெயின்ட்டிங் பிடித்தம் கிடையாது, சொன்ன தேதியில் காலி செய்யாவிட்டால் வாடகை அதிகாரி முப்பது நாளில் முடிவு சொல்ல வேண்டும். ஓனருக்கும் பாதுகாப்பு, வருகிறவருக்கும் பாதுகாப்பு. அதிகாரி புதிதாக வேண்டாம், துணை கலெக்டர் அந்தஸ்தில் ஏற்கெனவே இருக்கிறார்கள். பதிவு செய்ய இணையதளமும் இருக்கிறது.

அட்வான்ஸ் பிரிவில் 'வேறு விதமாக ஒப்பந்தம் இருந்தாலொழிய' என்று இருப்பதை முதலில் அடித்துவிடுங்கள். மொத்தம் நாலு வார்த்தை. சட்டமன்றத்தில் அரை மணி நேர வேலை. அதை எந்தக் கட்சி எம்.எல்.ஏ. எழுந்து கேட்பார் என்று யோசித்தேன். வாடகைக்கு வீடு விட்டிருக்கிற எம்.எல்.ஏ.க்கள் எத்தனை பேர் என்று முதலில் பார்க்க வேண்டும். வேட்புமனுவோடு கொடுக்கிற சொத்து விவரத்தில் இருக்கும், யாராவது எடுத்துப் பாருங்களேன்.