எதற்காகப் பிடித்து வைக்கிறோம்?

1948-ஆம் ஆண்டு மேகமலையில், ஒரு காபித் தோட்டத்தில் பழந்தின்னி வௌவால் ஒன்று பிடிபட்டது. பிடித்தவர் ஆங்கஸ் ஹட்டன். பாம்பு, பாலூட்டி என்று மேகமலையின் ஹைவேவிஸ் பகுதியில் கண்ணில் பட்டதையெல்லாம் குறித்து வைத்தவர் அவர். மேகமலை இருக்கும் தேனி அப்போது மதுரை மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. பதப்படுத்திய வௌவால் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஊருக்கு ஊர் காணக்கூடிய சாதாரண வகைதான் என்று அங்கே சீட்டு எழுதி அலமாரியில் வைத்துவிட்டார்கள்.

இருபது ஆண்டுக்கு மேல் அது அந்த அலமாரியிலேயே கிடந்தது. தாய்லாந்து விலங்கியலாளர் கிட்டி தொங்லோங்யா அந்தச் சேகரிப்பை ஆராய்ந்தபோது, எழுதியிருந்த சீட்டுக்கும் உள்ளே இருந்த உயிருக்கும் பொருந்தவில்லை. பல் அமைப்பு வேறாக இருந்தது. வாலும் இல்லை. புதிய இனம் என்பதோடு நில்லாமல் புதிய பேரினம் என்றே 1972-இல் அறிவித்து, பறவையியல் அறிஞர் சாலிம் அலியின் பெயரை அதற்குச் சூட்டினார். இப்படி ஓர் உயிர் உலகில் உண்டு என்பதற்கு அன்றைக்கு இருந்த ஒரே சாட்சி மேகமலையிலிருந்து போன அந்த ஒற்றை உடல்தான். 1993-இல் அதே மலையில் ஆய்வாளர்கள் மறுபடியும் அதைக் கண்டுபிடிக்கும்வரை, இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பதுகூட யாருக்கும் தெரியாது. பிறகு களக்காடு முண்டந்துறைக் காடுகளிலும் அது இருப்பது தெரிய வந்தது. இன்று அது அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களில் ஒன்று.

ஓர் உயிரைப் பிடித்ததால்தான் ஓர் இனமே வெளிச்சத்துக்கு வந்தது. காட்டுயிரைத் தொடவே கூடாது என்று வாதிடுபவர்கள் மேகமலையின் இந்தக் கதையைத் தாண்டிப் போக முடியாது. அதே நேரம், ஆராய்ச்சி என்று சொல்லி யார் வேண்டுமானாலும் வலையை எடுத்துக்கொண்டு மலையேறலாம் என்றால், எண்ணிக்கையில் குறைந்துபோன ஓர் இனத்துக்கு அதுவே முடிவாகிவிடும். இரண்டுக்கும் நடுவில் நிற்பது அனுமதிச் சீட்டு. அதைப் பற்றித்தான் தேனி மாவட்டம் பேச வேண்டியிருக்கிறது. ஏனென்றால் அந்தச் சீட்டில் எழுதப்படும் ஒவ்வொரு வரியின் விளைவையும் அனுபவிப்பவர்கள் மலையடிவாரத்து மக்கள்.

1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்கிறது. கொல்வது மட்டுமல்லாமல் பிடிப்பதும், கண்ணி வைப்பதும், இரை காட்டி இழுப்பதும்கூடச் சட்டத்தின் கணக்கில் வேட்டைதான். வௌவாலை மெல்லிய வலையில் பிடித்து, இறக்கையை அளந்து, கால் மணி நேரத்தில் பறக்கவிடும் மாணவிக்கும் அனுமதி வேண்டும். 12-ஆம் பிரிவு அதற்கு வழி வைத்திருக்கிறது. கல்வி, அறிவியல் ஆராய்ச்சி, இடம் மாற்றுவது போன்ற அறிவியல் மேலாண்மை, அங்கீகாரம் பெற்ற உயிரியல் பூங்காக்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் சேகரிப்பது, உயிர் காக்கும் மருந்துக்காகப் பாம்பு விஷம் எடுப்பது ஆகியவற்றுக்கு மாநிலத்தின் தலைமை வன உயிரினக் காப்பாளர் அனுமதி தரலாம். மிக உயர்ந்த பாதுகாப்புத் தரும் முதல் பட்டியலில் உள்ள உயிரினம் என்றால் மத்திய அரசும் முன்கூட்டியே சம்மதிக்க வேண்டும்.

சாலிம் அலி வௌவாலை முதல் பட்டியலில் சேர்த்த அதே சட்டம், மற்றப் பழந்தின்னி வௌவால்களையெல்லாம் எலியோடும் காக்கையோடும் சேர்த்து, பயிருக்குத் தீங்கு செய்பவை என்று ஐந்தாம் பட்டியலில் நெடுங்காலம் வைத்திருந்தது. அவற்றைக் கொல்ல அப்போது யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. நிபுணரே பல்லைப் பார்த்துத்தான் பிரித்தறிந்த ஓர் உயிரை, இருட்டில் திராட்சைப் பந்தலுக்குக் காவல் இருக்கும் விவசாயி எப்படிப் பிரித்தறிவார்? கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆண்டு முழுவதும் காய்க்கும் அந்தக் கொடியை நம்பி வாழ்பவருக்கு வௌவால் மீது கோபம் வருவது இயல்பு. அந்தக் கோபத்துக்குப் பதில் சொல்லக்கூடிய ஆராய்ச்சி வேண்டும். எந்த வௌவால் தோட்டத்துக்கு வருகிறது, எது காட்டை விட்டு இறங்குவதே இல்லை, எந்தக் காட்டு மரத்தின் விதையை எது பரப்புகிறது என்பதையெல்லாம் பிடித்துப் பார்க்காமல் சொல்ல முடியாது.

2022-இல் நிறைவேறி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், தீங்கு செய்பவை என்ற அந்தப் பட்டியலை எடுத்துவிட்டது. வரவேற்க வேண்டிய மாற்றம். கூடவே முதல் பட்டியலும் வெகுவாக நீண்டது. அதாவது, முன்பு சென்னையோடு முடிந்த பல விண்ணப்பங்கள் இப்போது தில்லிவரை போக வேண்டும். அனுமதி வருவதற்குள் ஆய்வுக் காலமே முடிந்துவிடுகிறது என்பது களத்தில் இருப்பவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் குறை. உதவித்தொகை மூன்று ஆண்டுக்கு என்றால் அதில் ஒரு பருவமழையைக் கோப்புக்காகக் காத்திருந்தே இழப்பது பெரிய நட்டம். அளந்துவிட்டு அங்கேயே விடும் ஆய்வுக்கும், பிடித்துக் கூண்டுக்குக் கொண்டுபோகும் ஆய்வுக்கும் ஒரே நீள வரிசை எதற்கு? முதல் வகைக்கு ஒரு கெடு வைத்து, அதற்குள் ஆம் அல்லது இல்லை என்று சொல்லிவிட வேண்டும்.

நல்ல அனுமதி எப்படி இருக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே முன்மாதிரி உண்டு. மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இயங்கிவருகிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கைக்குள் பிடித்து வருவார்கள். மண்பானையில் வைத்து, சில வாரங்களுக்குள் சில முறை விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் போட்டுக் காட்டில் விட்டுவிடுவார்கள். அடையாளம் இருப்பதால் அதே பாம்பு மறுபடி பிடிபட்டால் உடனே தெரிந்துவிடும். எத்தனை, எதற்கு, எத்தனை நாள், பிறகு எங்கே என்ற நான்கு கேள்விக்கும் விடை உள்ள அனுமதி அது. நாட்டில் பாம்புக் கடிக்குப் போடும் மருந்தின் பின்னால் பெரும்பகுதி இந்தச் சங்கத்தின் விஷம்தான் இருக்கிறது. 2023-இல் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ கிடைத்தபோது, இந்தத் தொழில் அறிவுக்கு நாடே மரியாதை செய்தது. ஆனாலும் அனுமதி தள்ளிப்போகும் காலங்களில் அந்தக் குடும்பங்களின் வருமானம் நின்றுவிடுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அடைத்து வைத்துக் காப்பாற்றியதற்கும் நல்ல சான்றுகள் உண்டு. அசாமின் மானஸ் காட்டில் 1996-இல் ஆறு குள்ளப் பன்றிகளைப் பிடித்து இனப்பெருக்கம் செய்யத் தொடங்கினார்கள். 2008 முதல் அவற்றின் வாரிசுகள் புல்வெளிகளுக்குத் திரும்பிக்கொண்டிருக்கின்றன. அமெரிக்காவில் 1987-இல் கலிபோர்னியக் கழுகு இனத்தில் எஞ்சியது 27 பறவைகள். அத்தனையையும் கூண்டில் வைத்து வளர்த்துத்தான் அந்த இனத்தை மீட்டார்கள். இரண்டு இடத்திலும் கூண்டுக்குள் போகும்போதே வெளியே வரும் வழி திட்டமிடப்பட்டிருந்தது.

பார்வைக்கு வைப்பதற்கான அனுமதியில்தான் கை இறுக வேண்டும். மேகமலையில் சோலைக்காடு மிச்சம் இருக்கும் இடங்களில் சிங்கவால் குரங்கு இன்னும் இருக்கிறது. பிள்ளைகள் அதைக் காட்டிலேயே பார்க்கலாம் என்ற பாக்கியம் உள்ள மாவட்டம் இது. வண்டலூர் போன்ற பெரிய பூங்காவில் அந்தக் குரங்கை வளர்ப்பதற்கு இனப்பெருக்கம் என்ற நோக்கம் உண்டு. அந்த நோக்கம் இல்லாமல், சுற்றுலாவுக்கு இன்னொரு கவர்ச்சி என்று கூண்டு கேட்பவர்களுக்கு அனுமதி கூடாது. கல்விக்கு என்று விண்ணப்பத்தில் ஒரு வரி எழுதுவது எளிது. யாருக்கு, எதைக் கற்பித்தீர்கள் என்று ஆண்டுதோறும் கேட்பவர் யார்?

கம்பம் மக்களுக்கு இந்தக் கேள்வியெல்லாம் 2023 மே மாதம் தெருவுக்கே வந்தது. இடுக்கி மாவட்டம் சின்னக்கானலில் அரிசிக்காகக் கடைகளையும் வீடுகளையும் உடைத்துவந்த அரிக்கொம்பன் என்ற காட்டு யானையைப் பிடித்துக் கும்கி ஆக்கக் கேரள வனத்துறை திட்டமிட்டிருந்தது. கேரள உயர் நீதிமன்றம் அதைத் தடுத்து நிபுணர் குழு அமைத்தது. யானையைப் பிடித்து அடைப்பது தீர்வாகாது என்பதே நீதிமன்றத்தின் எண்ணம். அதைக் கொண்டுபோய் விட முதலில் பேசப்பட்ட பரம்பிக்குளத்தில் மக்கள் எதிர்த்தார்கள். ஏப்ரல் 29-இல் பிடித்த யானையைப் பெரியார் புலிகள் காப்பகத்தில் விட்டார்கள். அது எல்லை தாண்டி மேகமலைக்கு வந்து, மே 27-இல் கம்பம் நகருக்குள்ளேயே இறங்கியது. 144 தடை உத்தரவு போடப்பட்டது. காயமடைந்த ஒருவர் உயிரிழந்தார். ஜூன் 5 அதிகாலையில் தமிழக வனத்துறை மயக்க ஊசி போட்டுப் பிடித்து, களக்காடு முண்டந்துறையின் மேல் கோதையாறு பகுதியில் விட்டது.

இப்படி யானையைப் பிடிக்க வழிவிடும் 11-ஆம் பிரிவில் பலர் கவனிக்காத ஒரு நிபந்தனை இருக்கிறது. பிடித்த விலங்கு மீண்டும் காட்டில் வாழவே முடியாது என்று தலைமை வன உயிரினக் காப்பாளர் உறுதியாகக் கருதினால் மட்டுமே அடைத்து வைக்கலாம். அதற்கான காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். கூண்டு கடைசி வழி என்பதைச் சட்டமே சொல்லியிருக்கிறது. இதே சட்டத்தின் கீழ்தான் 2019-இல் கோவை தடாகத்தில் பிடித்த சின்னத்தம்பி என்ற யானை, விட்ட காட்டிலிருந்து உடுமலைப்பேட்டை வயல்வரை நடந்து வந்ததும், மறுபடி பிடிபட்டு வரகளியாறு முகாமில் அடைக்கப்பட்டது; பிறகு கும்கியாகப் பழக்கப்பட்டது. நான்கே ஆண்டு கழித்து அரிக்கொம்பனுக்கு இரண்டாவது முறையும் காடு கிடைத்தது.

இரண்டில் எது சரி? காட்டுக்கு அனுப்பியதே சரி என்று இந்தக் கட்டுரை கருதுகிறது. ஆனால் அந்த முடிவின் விலையைக் கம்பம் கொடுத்தது, பிறகு மாஞ்சோலை எஸ்டேட் மக்கள் தங்கள் தோட்டத்தில் அந்த யானையைப் பார்த்துப் பயந்தார்கள். ஒரு யானைக்குக் கொட்டடியும் இன்னொன்றுக்குக் காடும் என்று முடிவானால், வேறுபாட்டுக்கான காரணத்தை அறியும் உரிமை இவர்களுக்கு இருக்கிறது. உடல்நிலையா, நடத்தையா, விட இடம் இல்லையா, எழுந்த எதிர்ப்பின் அழுத்தமா? காரணம் தெரியாத இடத்தில் வதந்தி வளர்கிறது. யானைக்காகப் பேசுபவரும் வாழைத் தோட்டக்காரரும் ஒருவரையொருவர் பகையாகப் பார்ப்பதும் அங்கேதான் தொடங்குகிறது.

ஆகவே கேட்க வேண்டியது பெரிய சட்டத் திருத்தம் எதுவும் இல்லை. முதல் பட்டியல் உயிரினத்தைப் பிடிக்கவோ, அடைத்து வைக்கவோ, பூங்காவுக்கு மாற்றவோ தரும் ஒவ்வொரு அனுமதியையும் வனத்துறை தன் இணையதளத்தில் தமிழில் போட வேண்டும். எந்த உயிர், எத்தனை, எதற்கு, எவ்வளவு காலம், யார் பொறுப்பு, முடிந்தபின் என்ன என்பது அதில் இருக்க வேண்டும். கூடு இருக்கும் மரமும் குகையும் சரியாக எங்கே என்பதை மறைக்கலாம், மறைக்கவும் வேண்டும். கள்ள வேட்டைக்காரருக்கு வரைபடம் தரக் கூடாது. மற்றதை மறைக்கக் காரணம் இல்லை. காலம் முடிந்ததும் விலங்கு உயிரோடு இருக்கிறதா, எங்கே விடப்பட்டது என்று இன்னொரு பக்கம் அதே கோப்பில் சேர வேண்டும்.

ஆராய்ச்சிக்கு வருபவர்களுக்கும் ஒரு நிபந்தனை போடலாம். மேகமலையில் வேலை செய்தவர், முடித்துப் போகும்முன் கண்டதை ஹைவேவிஸிலோ சின்னமனூரிலோ ஒரு பள்ளியிலாவது தமிழில் சொல்லிவிட்டுப் போக வேண்டும். சாலிம் அலி வௌவாலைப் பற்றிய கட்டுரைகள் ஆங்கில ஆய்விதழ்களில் இருக்கின்றன. மலைக்குக் கீழே படிக்கும் பிள்ளைக்கு, தன் மலையில்தான் முதலில் கிடைத்த ஓர் உயிர் உண்டு என்று சொல்லும் ஒரு பக்கம் பாடப் புத்தகத்தில் இடம் பெற்றால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

2021 பிப்ரவரியில் மேகமலையும் ஸ்ரீவில்லிபுத்தூர் அணில் சரணாலயமும் சேர்ந்து தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகம் ஆயின. காப்பகம் ஆனபின் கேமரா, ரேடியோ காலர், மயக்க ஊசி, ஆய்வுக் குழு எல்லாம் இந்த மலைக்குக் கூடுதலாக வரும். வரட்டும். ஒவ்வொன்றின் அனுமதி நகலும் கூடலூர், கம்பம், சின்னமனூர் நகராட்சிகளின் அறிவிப்புப் பலகையிலும், அடிவாரத்து ஊராட்சி அலுவலகங்களிலும் ஒட்டப்பட வேண்டும். தேனி மாவட்ட ஆட்சியர் மாதந்தோறும் நடத்தும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் வனத்துறை அதிகாரி அதைப் படித்துக் காட்ட வேண்டும். வௌவாலுக்கு வலை போட வந்தவர் யார், அடுத்த யானையை எங்கே விடப் போகிறார்கள் என்று அங்கேயே எழுந்து கேட்கலாம். அதிகாரியும் அங்கேயே பதில் சொல்ல வேண்டும்.