மாலை கழற்றிய பிறகு

எங்கள் கெலமங்கலம் பக்கத்தில் கார்த்திகை பிறந்தால் நீங்களும் இதைக் கவனித்திருப்பீர்கள். வருஷம் முழுக்கக் கடை வாசலிலேயே கிடந்த ஆள், சபரிமலைக்கு மாலை போட்ட அன்றிலிருந்து ஒரு சொட்டுக்கூடத் தொட மாட்டார். 41 நாள் விரதம் சுத்தமாக நடக்கும். சம்பளம் முழுசாக வீடு வந்து சேரும். பிள்ளைகள் பயமில்லாமல் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து படிக்கும். மலைக்குப் போய் வந்து மாலை கழற்றிய ராத்திரியே பழைய கதை.

"சாமி மேல பயம் சார், வேற என்ன?" என்பார்கள். எனக்கு அது முழு விளக்கமாகத் தோன்றவில்லை. அந்த நாட்களில் அவரைச் சுற்றி என்ன நடக்கிறது என்று பாருங்கள். விடியற்காலையில் குளிக்கக் கூப்பிட நாலு பேர் வருகிறார்கள். சாயங்காலம், கால் தானாகக் கடைப் பக்கம் திரும்பும் அதே நேரத்தில், பஜனைக்குப் போக வேண்டியிருக்கிறது. பல தடவை மலை ஏறிய குருசாமி ஒருவர் கூடவே இருக்கிறார். நேற்றுவரை 'குடிகாரன்' என்ற ஊர் இன்று 'சாமி' என்கிறது. மாலை கழற்றியதும் ஐயப்பன் எங்கும் போய்விடுவதில்லை. அந்தக் கூட்டம்தான் கலைந்துவிடுகிறது.

வருஷம் முழுக்கக் கலையாத ஒரு கூட்டம் நம் ஊருக்குப் பக்கத்தில் வேண்டும் என்பதுதான் என் கட்சி.

அப்படி ஒன்று உலகத்தில் இருக்கிறது. 1935ல் பில் வில்சன் என்ற அமெரிக்கர் குடியை விட்டு ஐந்து மாதம் ஆகியிருந்தது. அக்ரன் என்ற ஊருக்கு வியாபார விஷயமாகப் போனார், போன காரியம் கைகூடவில்லை. தங்கியிருந்த ஓட்டலில் மதுக்கூடம் கண்ணெதிரே. அவர் உள்ளே போகாமல் டெலிபோனை எடுத்து, பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளி கிடைப்பாரா என்று தேவாலயக்காரர்களிடம் விசாரித்தார். அப்படிக் கிடைத்தவர் டாக்டர் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவர். இந்த இரண்டு பேரின் பேச்சிலிருந்து வளர்ந்ததுதான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்கிற ஏ.ஏ. கட்டணம் கிடையாது, பதிவேடு கிடையாது. குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை ஒன்றுதான் தகுதி.

நம் மாநிலத்தில் சாந்தி ரங்கநாதன் அம்மையாரைச் சொல்ல வேண்டும். கணவரைக் குடிக்குப் பறிகொடுத்தவர், 1980ல் சென்னையில் டி.டி.ரங்கநாதன் அறக்கட்டளையைத் தொடங்கினார். 1992ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது திருவாரூர் பக்கம் மஞ்சக்குடியில் அவர்கள் நடத்திய முகாம்கள். நோயாளியைச் சென்னைக்கு இழுக்காமல் சிகிச்சையைக் கிராமத்துக்கே கொண்டுபோனார்கள். வீட்டார், பக்கத்து வீட்டார், ஊர்ப் பெரியவர்கள் எல்லோருக்கும் அதில் ஒரு வேலை இருந்தது.

நம் பக்கத்தில் நடப்பது வேறு. கடன் வாங்கி பெங்களூரில் எங்கேயோ சேர்க்கிறார்கள். ஒரு மாதம் கழித்து, முகம் தெளிந்து, ஆள் பஸ்ஸில் வந்து இறங்குகிறார். பஸ் ஸ்டாண்டில் காத்திருப்பது பழைய சிநேகிதர்கள் மட்டும்தான்.

"கடைகளை மூடினால் போதுமே" என்று சிலர் எழுதுவீர்கள். மூடட்டும், எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் நம் மண்ணுக்கு அந்த அனுபவமும் உண்டு. ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி 1937 அக்டோபரில் மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில். அப்போது நாமும் சேலம் ஜில்லாதான். இன்றைக்கோ எல்லையைத் தாண்டினால் அத்திப்பள்ளி. 2008 மே மாதம் கர்நாடகத்திலும் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்திலுமாக நூற்றுக்கு மேற்பட்டவர்கள் விஷச்சாராயத்தில் செத்ததை மறக்க முடியுமா?

சரி, குழுவை எங்கே தேடுவது? முதலில் டாக்டர். தினமும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, மூன்றாம் நாள் புத்தி தடுமாற்றம் எல்லாம் வரும், உயிருக்கே ஆபத்து. மாலை போடுகிறவர்களுக்கும் இது பொருந்தும். அரசு ஆஸ்பத்திரி மனநல டாக்டரைப் பாருங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. சுவரில் ஒட்டியிருக்கும் 'அவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்' பொடியை மட்டும் சாப்பாட்டில் கலந்துவிடாதீர்கள் அம்மா. அதில் என்ன இருக்கிறதோ! குடிநிறுத்த மருந்து உள்ளே இருக்கும்போது அவர் மேலே குடித்தால் ரத்த அழுத்தம் தடாலென்று இறங்கிவிடலாம்.

அந்த டாக்டரிடமே ஏ.ஏ. கூட்டம் பக்கத்தில் எங்கே என்று கேளுங்கள். 14446 என்ற அரசின் இலவச எண் இருக்கிறது. ஏ.ஏ.யின் இந்தியத் தலைமை அலுவலகம் மும்பையில், அவர்களிடமும் விசாரிக்கலாம். வீட்டாருக்கு அல்-அனான் என்று தனிக் குழு உண்டு. அவர் வர மறுத்தாலும் மனைவி போகலாம்.

சொந்த ஊரிலேயே கூட்டம் என்றால் வாசலில் நிற்கும் செருப்பை வைத்தே யார் உள்ளே என்று சொல்லிவிடுவார்கள். ஆகவே நம்மவர்கள் ஓசூருக்குப் போகட்டும், ஓசூர்க்காரர் இங்கே வரட்டும். ஷிப்டுக்குப் போகிறவருக்கு ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் ராத்திரி. சாயங்காலம் ஏழு மணிக்கு மட்டும் கூட்டம் வைத்தால் மதிய ஷிப்டு வாரத்தில் அவர் வரவே முடியாது. ஞாயிறு காலை ஒன்றும் வேண்டும். பாஷையும் முக்கியம். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர், மனசில் உள்ளதைச் சுத்தத் தமிழில்தான் சொல்ல வேண்டும் என்றால் வாயே திறக்க மாட்டார்.

இதற்குத் தேவை ஒரு அறை, இருபது நாற்காலி, ஒரு மின்விசிறி. பள்ளி, கல்யாண மண்டபம், தேவாலயம் என்று கையில் சாவி வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால் வாரம் இரண்டு மணி நேரம் திறந்துவிடுங்கள். இலவசமாகக் கொடுக்கிறேன் என்று சொல்லாதீர்கள், வெளியார் நன்கொடை வாங்குவதில்லை என்பது அவர்கள் மரபு. வாடகையைத் தங்களுக்குள் வசூல் செய்து தந்துவிடுவார்கள்.