ஓடுங் கதிரும் பொறி செய்வோர் கடனும்

1888-ஆம் ஆண்டில் ஸ்டேன்ஸ் துரையவர்கள் ஆலை நிறுவிய நாள்தொட்டு நமது கோவை நூற்புத் தொழிலால் வளர்ந்தது. 1930-களில் பைக்காரா மின்விசை வந்தபின்னர் ஆலைகள் பல்கின. அவற்றைச் செப்பனிடத் தோன்றிய பட்டறைகளோ நாளடைவில் பம்புகளையும் மோட்டார்களையும் தாமே செய்யலாயின. இப்பொழுது அத்தகைய பட்டறைகளில் லேசர்க் கதிர் குடிபுகுந்திருக்கின்றது. தகட்டை அறுப்பதும், பம்பின்மேற் பெயரும் எண்ணும் பொறிப்பதும் அதன் தொழில். இக்கருவிகளைக் கட்டி விற்போர் கடன் யாது என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்தது.

கட்டுவோர் யாவற்றையும் தாமே செய்வதில்லை. கதிர் பிறக்கும் பெட்டியை ஓரிடத்தும், சிறு ஆடிகளை அசைத்துக் கதிரை ஓட்டும் ஸ்கேனரை மற்றோரிடத்தும் வாங்கித் தம் கூட்டிற் பொருத்தித் தம் பெயரால் விற்கலாம். "வாங்கிய உறுப்புக்குச் சான்றிதழ் உண்டு, எமக்கென்ன கவலை?" என்பாரும் இருப்பர். இக்கூற்றை யாம் ஒப்போம். ஐ.இ.சி. 60825-1 என்னும் உலக நியதி, பிறிதொரு பொருளில் வைத்து விற்றற்கென வாங்கப்படும் உறுப்பைத் தன் ஆட்சியினின்றும் விலக்கிவிடுகின்றது. முடிந்த பொருளே அதற்கு உட்படும். அதனை வகுப்பிட்டுக் காப்பமைத்து எச்சரிக்கைச் சீட்டு ஒட்டுங் கடன் முடித்து விற்பவனுடையது. புதுவீட்டு மாடிக்குக் கைப்பிடிச்சுவர் எடாதவனை, விழுந்தவனது இரத்தப்பழி சாரும் என்னும் உபாகமம் 22-ஆம் அதிகாரத்து விதியை வாசகர் அறிவர். ஆங்குப் பழி கொள்வோன் வீடு கட்டினவனே. செங்கல் விற்றவன் அல்லன்.

ஸ்கேனரிற் பிறிதோர் இடருமுண்டு. கார்த்திகையில் மாவலி சுற்றுஞ் சிறுவனைக் காண்போர்க்கு நெருப்பு வட்டமாய்த் தோன்றும். கை நின்றால் நெருப்பும் ஓரிடத்தே நிற்கும். கடைகளில் விலைக்கோடு படிக்கும் லேசர்க் கருவியும் அத்தகையது. (1974-இல் அமெரிக்காவின் ட்ராய் நகர்க் கடையில் அஃது முதலிற் படித்தது ஒரு சூயிங்கம் பொதியையாம்!) ஓடுங் கதிர் கண்ணிற் படுவது நொடியின் சிறுகூறே, ஆடி நின்றுவிடின் கதிர் முழுதும் ஒரே இடத்திற் பாயும். ஆதலின், ஆடி நின்றாலும் ஓட்டங் குன்றினாலும் வகுப்பின் வரம்பு கடவாதவாறு காப்பு வேண்டுமென நியதி கூறும்.

பொறிப்புக் கருவியோ இதனினுங் கொடிது. இரண்டாம் வகுப்புக்கு வரம்பு 1 மில்லிவாட். கண் கால் நொடியில் இமைத்துவிடும் என்னுந் துணிபே அதற்கு அடிப்படை. 20 வாட் கருவி அதனினும் 20,000 மடங்கு வலியது; நான்காம் வகுப்பு. மேலும், ஃபைபர் லேசரின் கதிர் கட்புலனாகாது; புலனாகாததற்கு இமை எங்ஙனம் மூடும்? கண்ணின் வில்லை அதனை விழித்திரையிற் குவித்துச் சுட்டுவிடும். முற்றும் மூடிய கூடும், கதவு திறந்தவுடன் கதிரை நிறுத்தும் விசையும் அமைந்தால் அக்கருவியே முதல் வகுப்பில் அடங்கும். அவ்விசையைக் கம்பியாற் கட்டிவைத்து வேலை வாங்க இடந்தந்தவன் காப்பமைத்தவன் ஆகான்.

செலவு மிகும் என்பர். சிறுபட்டறைக்கு அது மெய்யே. வாங்குவோரும் விலையையே முதலிற் கேட்பர். ஆயினும் கதிர்ப்பெட்டிக்குப் பணங் கொடுத்தவர் கதவு விசையிற் சிக்கனம் பிடித்தல் முறையன்று. மிகையொளியால் கண்ணுக்கு ஊறு நேரும் வேலைகளில் திரையோ கண்ணாடியோ வேண்டுமென விதிக்க 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே தன் 35-ஆம் பிரிவில் அரசுக்கு அதிகாரந் தந்தது. லேசர் பிறந்ததோ 1960-இல்.

தமிழ் பயில்வோராகிய எமக்கு இன்னுமொரு குறையுண்டு. எச்சரிக்கை ஆங்கிலத்தில் மட்டும் இருப்பின், பல்லடத்திலிருந்தும் அவினாசியிலிருந்தும் வேலைக்கு வருவோர் பலர்க்கு அது வெறும் மஞ்சள் முக்கோணமே. எம் ஏட்டுத் தமிழும் அங்கு வேண்டா. "கண்ணுக்குத் தெரியாத கதிர், கதவைத் திறக்காதீர்கள்" என்று பெரிய எழுத்தில் ஒட்டுக, வடநாட்டிலிருந்து வந்த தொழிலாளர்க்கென அதன்கீழ் இந்தியிலும் எழுதுக.