கேரவன் இன்று ஸ்டார்ட் ஆகிறது, நாளை மக்கர் செய்கிறது... உடனே பேட்டரியை மாற்ற வேண்டுமா?

மலைப்பாதையில் டீ குடிக்க கேரவனை நிறுத்துகிறார்கள். பத்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். உள்ளே ஃபேன் ஓடுகிறது, லைட் எரிகிறது, இன்ஜின் மட்டும் அசையவில்லை. அரை மணி நேரம் கழித்துத் திருப்பினால், எதுவுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகிறது.

ஊர் திரும்பி மெக்கானிக்கிடம் காட்டினால், அங்கேயும் சமத்தாக ஸ்டார்ட் ஆகும். டாக்டரைப் பார்த்ததும் பல்வலி காணாமல் போகுமே, அது மாதிரி. "பேட்டரி வீக் ஆயிருச்சு சார், மாத்திடலாம்" என்பார். மாற்றிய மூன்றாவது வாரம் அதே கதை.

விட்டு விட்டு வரும் ஸ்டார்ட்டிங் பிரச்சினையில் பலர் செய்யும் தவறு இதுதான்: அளந்து பார்க்காமலேயே பாகங்களை மாற்றுவது. பேட்டரி, செல்ஃப் மோட்டார், டைனமோ என்று செலவு ஏறிக்கொண்டே போகும். கோளாறு இருந்த இடத்திலேயே இருக்கும்.

கேரவனில் மட்டும் ஏன் இவ்வளவு குழப்பம்?

சாதாரண காரில் ஒரு பேட்டரி. கேரவனில் பெரும்பாலும் இரண்டு. ஒன்று இன்ஜினை ஸ்டார்ட் செய்ய. மற்றொன்று ஃபேன், லைட், ஃப்ரிட்ஜ் போன்றவற்றுக்கு. அதனால், "லைட் எரியுதே, பேட்டரி நல்லாத்தானே இருக்கு" என்ற கணக்கு இங்கே செல்லாது. எரிவது வேறு பேட்டரியில்.

வண்டி ஓடும்போது இரண்டையும் இணைத்து சார்ஜ் ஏற்றி, இன்ஜினை நிறுத்தியதும் பிரித்துவிட ஒரு ரிலே இருக்கும். அது பிரியாமல் ஒட்டிக்கொண்டால், இரவு முழுக்க ஓடும் ஃப்ரிட்ஜ் ஸ்டார்ட்டிங் பேட்டரியையும் சேர்த்துக் காலி செய்யும். பகலில் நெடுந்தூரம் ஓட்டினால் மீண்டும் சார்ஜ் ஏறிவிடும். மெக்கானிக் பார்க்கும்போது எல்லாம் சரியாக இருப்பது இதனால்தான்.

வாரக்கணக்கில் சும்மா நிற்பதும் ஒரு காரணம். ஜிபிஎஸ் டிராக்கர், ஸ்டீரியோ என எல்லாம் சேர்ந்து வெறும் 50 மில்லி ஆம்பியர் இழுத்தாலும் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் ஹவர் போகும். 30 நாளில் 36. அதாவது, 80 ஆம்பியர் ஹவர் பேட்டரியில் கிட்டத்தட்ட பாதி.

முதலில் சத்தத்தைக் கேளுங்கள்

* சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லை, ஹெட்லைட்டும் மங்கவில்லை என்றால், செல்ஃப் மோட்டாருக்கு உத்தரவே போகவில்லை. சாவி ஸ்விட்ச், கிளட்ச் ஸ்விட்ச், ரிலே, ஃபியூஸ் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.
* 'டக் டக் டக்' என்று வேகமாக அடித்தால் வோல்ட்டேஜ் போதவில்லை. பேட்டரி இறங்கியிருக்கலாம், டெர்மினல் லூஸாக இருக்கலாம்.
* ஒரே ஒரு 'டக்' என்றால் சொலினாய்டு, மெயின் கேபிள், எர்த் ஒயர், செல்ஃப் மோட்டார் என எல்லாமே சந்தேகப் பட்டியலில் வரும்.
* இன்ஜின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால் பெரும்பாலும் பேட்டரி மேல் பழி இல்லை. டீசல் லைனில் காற்று, ஃபில்டர் அடைப்பு ஆகியவற்றைத் தேட வேண்டும்.

மல்டிமீட்டர் சொல்லும் கணக்கு

கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக் போட்ட பிறகே எதையும் அளக்க வேண்டும். இரவு முழுக்க நின்ற வண்டியில், நல்ல 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதி காலி. செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே இறங்கினால் பேட்டரியை முழுதாக சார்ஜ் ஏற்றி, மறுபடி சோதிக்க வேண்டும். இன்ஜின் ஓடும்போது சுமார் 13.8 முதல் 14.4 வரை காட்டினால் சார்ஜ் ஏறுகிறது என்று அர்த்தம்.

அடுத்தது எர்த். மீட்டரின் சிவப்பு முனையை இன்ஜின் இரும்பிலும், கறுப்பு முனையை பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் வைத்து, இன்னொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்ல வேண்டும். அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் பாதையில்தான் கோளாறு. செல்ஃப் மோட்டார் 200 ஆம்பியர் இழுக்கும்போது, துருப்பிடித்த இணைப்பில் வெறும் 0.01 ஓம் தடை இருந்தாலே 2 வோல்ட் அங்கேயே போய்விடும். சூடேறினால் ஒயரின் தடை இன்னும் கூடும். டீக்கடையில் நின்ற வண்டி ஆறிய பிறகு கிளம்பியதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். இந்த மாதிரிக் கோளாறுக்கு சில நேரம் உப்புத்தாளும் ஸ்பேனருமே போதும்.

ரிலேயைச் சோதிப்பதும் எளிது. இன்ஜினை நிறுத்தி, சில நிமிடம் பொறுத்து, உள்ளே உள்ள ஃபேன், ஃப்ரிட்ஜை ஓட விட வேண்டும். ஸ்டார்ட்டிங் பேட்டரியின் வோல்ட்டேஜும் கூடவே இறங்கினால் ரிலே பிரியவில்லை.

வயரிங் வரைபடம் எங்கே?

கேரளம் 2021-ல் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்தது. சினிமா ஷூட்டிங்கில் பார்த்த கேரவன் இப்போது குடும்பச் சுற்றுலாவுக்கும் வந்துவிட்டது. ஆனால், வேனை வீடாக மாற்றித் தரும்போது கூடுதலாக இழுத்த ஒயர் எங்கே போகிறது, எந்த ஃபியூஸ் எதற்கு என்று எழுதித் தராவிட்டால், பழுது பார்ப்பவர் இருட்டில்தான் தடவ வேண்டும். சோபாவின் நிறத்துக்குக் காட்டும் அக்கறையை உரிமையாளர்கள் இதிலும் காட்ட வேண்டும். வயரிங் வரைபடம் கைக்கு வராமல் கடைசித் தவணையைக் கொடுக்கக் கூடாது.

வாடகைக்கு எடுப்பவர்களும், "பேட்டரி புதுசா?" என்பதோடு நிறுத்தாமல், "எர்த், ரிலே ரெண்டும் செக் பண்ணீங்களா?" என்று கேட்கலாம். குழந்தைகளோடும் வயதான பெற்றோரோடும் ஆளில்லாத வளைவில் இரவில் நிற்கும்போது கேட்பதைவிட, கிளம்பும் முன் கேட்பது நல்லது.

கோளாறு வந்தால், எத்தனை நாள் நின்றது, இன்ஜின் சூடா ஆறியதா, என்ன சத்தம், எத்தனை வோல்ட் என்ற நான்கையும் அப்போதே போனில் குறித்துக்கொள்ளுங்கள். மெக்கானிக் கண் முன்னால் வராத கோளாறை அவருக்குக் காட்ட அதுதான் வழி.