மதுரைக்கு வந்துபோன புத்தரின் பல்

கண்டி தலதா மாளிகையில் சிங்கள பௌத்தர்கள் உயிராகப் போற்றும் புத்தரின் பல், 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டியர் வசம் இருந்தது. குலசேகர பாண்டியனின் தளபதி ஆரியச் சக்கரவர்த்தி இலங்கையின் யாப்பகூவைக் கோட்டையைச் சூறையாடி அதை எடுத்துவந்தான். சிங்கள அரசன் மூன்றாம் பராக்கிரமபாகு அதை மீட்கப் படையெடுத்து வரவில்லை; நேரில் வந்து, பாண்டியனோடு பேசி வாங்கிச் சென்றான். இதை எழுதிவைத்திருப்பது சிங்களரின் வரலாற்று நூலான சூளவம்சமே. மதுரை உறவு பிறகும் தொடர்ந்தது. 1739இல் கண்டி அரசன் வாரிசின்றி இறந்தபோது அரியணை ஏறியவர், மதுரை நாயக்கர் உறவுவழி வந்த அவனது மைத்துனர். அடுத்து ஆண்ட கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன்தான் 1753இல் சியாமிலிருந்து பிக்குகளை வரவழைத்து, அற்றுப்போயிருந்த துறவற மரபை மீட்டான். சைவப் பழக்கத்தை விடவில்லை என்று குறைகூறி 1760இல் அவனைக் கொல்லச் சதி நடந்ததும் உண்மைதான். ஆக, மதத்துக்குள் உறவும் இருக்கிறது, பகையும் இருக்கிறது. பிள்ளைகளுக்கு இவற்றில் எதை எடுத்துச் சொல்கிறோம் என்பதே அண்டை நாட்டாரைப் பகைவராக்குகிறது.

இலங்கையின் பழைய வரலாற்று நூலான மகாவம்சத்தையே பாருங்கள். பின்னாளில் சிங்கள அரசனான சிறுவன் துட்டகைமுனு கைகால்களை முடக்கிப் படுத்திருக்கிறான். தாய் காரணம் கேட்கிறாள். வடக்கே தமிழர், தெற்கே கடல், எப்படி நீட்டிப் படுப்பது என்கிறான். சிங்களக் குழந்தைகள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வளரும் காட்சி இது. அதே நூல்தான் அனுராதபுரத்தை ஆண்ட தமிழ் அரசன் எல்லாளனை நீதி தவறாத அரசன் என்கிறது. நம் மனுநீதிச் சோழனின் ஆராய்ச்சி மணிக் கதையைப் போன்ற ஒன்றை அவனைப் பற்றியும் சொல்கிறது. அவனை வென்ற கைமுனு அவனுக்கு நினைவுச் சின்னம் எழுப்பி, வழிபாட்டுக்கும் ஏற்பாடு செய்தான், இலங்கை அரசர்கள் அவ்விடத்தை நெருங்குகையில் வாத்தியங்களை நிறுத்துவார்கள் என்கிறது. 20ஆம் நூற்றாண்டு அரசியல் முடங்கிக் கிடந்த சிறுவனைப் பெரிதாக்கிக் காட்டியது; எதிரிக்கு மரியாதை செய்த அரசனைப் பின்னுக்குத் தள்ளியது. தமிழர் மீதான அச்சம் இந்தியா மீதும் படிந்தது. 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தை எதிர்த்துப் பிக்குகள் தெருவில் இறங்கினார்கள்.

தமிழ்நாட்டிலோ, நம்முடைய கோபம் கதை கேட்டு வந்ததல்ல, இலங்கைப் போரின் இறுதியில் முள்ளிவாய்க்காலில் கண்டது என்று மறுப்பார்கள். அது மெய். 2009இல் அங்கே கொல்லப்பட்டவர்களுக்கு நீதி கேட்பதை யாரும் வெறுப்பு என்று ஒதுக்க முடியாது. கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் அந்த நீதியை யாரிடம் கேட்கிறோம்? 2012 செப்டம்பரில் பூண்டி மாதா கோயிலுக்கும் வேளாங்கண்ணிக்கும் வந்த இலங்கைக் கிறிஸ்தவ யாத்திரிகர்களின் பேருந்துகள் தாக்கப்பட்டன. 2013 மார்ச்சில் தஞ்சைப் பெரிய கோயிலில், தொல்லியல் மாணவராகக் கல்விப் பயணம் வந்த ஒரு பிக்கு அடிக்கப்பட்டார். போர்க்குற்றத்துக்குப் பொறுப்பானவர்கள் கொழும்பில் பத்திரமாக இருந்தார்கள். இங்கே அடி விழுந்தது ஒரு காவி உடைக்கு. அந்த உடையைக் கண்டதும் கை ஓங்கியதென்றால், அதைப் பழக்கியது நம் மேடைகள்தான்.

சிங்களர் முதலில் திருந்தட்டும் என்பது இன்னொரு வாதம். ஒப்புக்கொள்ள எனக்கு மனமில்லை. அந்தப் பிக்கு பார்க்க வந்த கோயிலைக் கட்டிய ராஜராஜனின் ஈழ வெற்றியை நாம் பெருமிதமாக மட்டுமே சொல்லிக்கொடுக்கிறோம். சோழர் படையெடுப்பில் விகாரங்கள் சூறையாடப்பட்டன. அனுராதபுரம் தலைநகர் என்ற நிலையையே இழந்தது. இதை மதுரையின் வரலாற்று வகுப்பில் சொல்ல கொழும்பின் அனுமதி தேவையில்லை.